‘தம்பி, விளம்பரம் ஓடலையே!’: கிளையன்ட் சொல்வதை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

ஈரோட்டில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் ஏஜென்சி எங்களுடையது. ஜவுளிக் கடை, பல் மருத்துவமனை, டியூஷன் சென்டர், சித்த வைத்தியர், வீட்டுமனை என்று பதினேழு கிளையன்ட்கள். அவர்களுடைய ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. கோளாறு வந்தால் எந்தக் கிளையன்ட்டும் “லேர்னிங் லிமிடெட் ஆகிவிட்டது” (யாரிடம் காட்டுவது என்று கற்றுக்கொள்ளப் போதிய முடிவுகள் வரவில்லை) என்று போன் செய்வதில்லை. “தம்பி, விளம்பரம் ஓடலையே” என்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் பத்துக் காரணம் இருக்கலாம். அதனால் இங்கே தலைப்புகளை அவர்கள் வாயிலிருந்து வரும் வார்த்தையாகவே வைத்திருக்கிறேன்.

போனை வைத்ததும் படத்தையும் வாசகத்தையும் மாற்றக் கை துறுதுறுக்கும். மாற்றாதீர்கள். நன்றாக ஓடிய விளம்பரத்தை இப்படி நோண்டி நாங்களே கெடுத்த நாட்கள் உண்டு. முதலில் பணம், அப்புறம் யாரிடம் என்ன அனுமதி இருக்கிறது, அப்புறம் ரிவியூ (விளம்பரத்தை ஓடவிடும் முன் செய்யும் பரிசோதனை), அப்புறம் எண்களை எண்ணும் முறை. இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் விளம்பரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

“நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னிக்கு நின்னுபோச்சு”

பில்லிங் பக்கத்தைத் திறங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

தானாகப் பணம் பிடிக்கும் கணக்கு என்றால், செலவு ஒரு வரம்பைத் தொட்டதும் ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா கார்டிலிருந்து பணம் எடுக்க முயலும். கார்டு மறுத்தால் அந்தக் கணக்கிலுள்ள எல்லாக் கேம்பெய்னும் ஒரே நேரத்தில் நிற்கும். ஒன்று மட்டும் நின்றிருந்தால் பணப் பிரச்சினை இல்லை, ரிவியூ பக்கம் போங்கள். எல்லாம் நின்றிருந்தால் பத்துக்கு ஒன்பது முறை கார்டுதான்.

கார்டு மறுப்பதற்கு நம் ஊரில் தனிக் காரணம் இருக்கிறது. 2021 அக்டோபர் 1 முதல், தொடர்ச்சியாகத் தானே பிடிக்கப்படும் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கியின் புது விதி நடைமுறைக்கு வந்தது. ஓடிபி இல்லாமல் பிடிக்கலாம் என்ற வரம்பு அப்போது 5,000 ரூபாய். 2022 ஜூனில் அதை 15,000 ஆக்கினார்கள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். விளம்பரச் செலவு ஏற ஏற மெட்டா பிடிக்கும் தொகையின் வரம்பும் ஏறிக்கொண்டே போகும். ஆறு மாதம் ஒழுங்காக ஓடிய கணக்கு ஒருநாள் திடீரென்று படுப்பதற்கு இதுவே காரணமாகலாம். கணக்கு வளர்ந்து 15,000-ஐத் தாண்டிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு ஆடி மாதம் எங்களுக்கு நடந்தது இது. ஜவுளிக் கடை, தள்ளுபடி ஆரம்பிக்கும் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதே காலுக்கு எல்லா விளம்பரமும் நின்றது. நான் நேரே விளம்பரத்தைத் திறந்து, படத்தில் ‘50%’ என்று பெரிதாகப் போட்டதால் பிடித்துக்கொண்டார்களோ என்று டிசைனரை எழுப்பி வேறு படம் கேட்டேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் பில்லிங் பக்கத்தில் சிவப்பாக ஒரு வரி இருப்பதைப் பார்த்தேன். கார்டு கடைக்காரருடையது. ஓடிபி போகும் எண்ணோ சென்னையில் படிக்கும் மகனுடையது. அந்தப் பையன் வகுப்பில் இருந்தான். பதினொன்றரைக்குப் பையன் ஓடிபியைப் படித்துச் சொல்ல, பணம் கட்டி, விளம்பரம் ஓட ஆரம்பித்தபோது காலைக் கூட்டம் கலைந்திருந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. “பரவால்ல தம்பி” என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது செய்வது: செலவு அதிகமாகும் கணக்குகளை, முன்பணம் போட்டு ஓட்டும் முறையில் யுபிஐ வழியாக நடத்துகிறோம். எந்த முறை என்பதைக் கணக்கு திறக்கும்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. கார்டுதான் வேண்டும் என்று கிளையன்ட் பிடிவாதமாக இருந்தால், பணம் பிடிக்கும் வரம்பை 15,000-க்குக் கீழே குறைத்து வைக்கிறோம். ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்கிறோம். கார்டு புதிது என்றால், ஆன்லைன் பரிமாற்றம் வங்கி ஆப்பில் ஆன் செய்யப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதிய கார்டுகளில் அது அணைந்தே வரும்.

பில்லிங் சுத்தமாக இருந்தும் எல்லாம் நின்றிருந்தால், கணக்கின் செலவு உச்சவரம்பு முடிந்திருக்கும். பாதுகாப்புக்காக நாமே 1,00,000 என்று போட்டுவைத்து, நாமே மறந்திருப்போம். அதை உயர்த்தினால் ஓடும். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் இது அடிக்கடி நடக்கிறது.

“ஓடுதுன்னு காட்டுது, ஆனா பணமே செலவாகல”

இது மெதுவான நோய். நிலை பச்சையாக ‘ஆக்டிவ்’ என்றிருக்கும். செலவு 38 ரூபாயில் நிற்கும்.

தொடங்கும் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அப்புறம் ஒரு லீடுக்கு (விசாரிக்க வரும் ஒருவரின் பெயர், எண்) இவ்வளவுக்கு மேல் தரமாட்டேன் என்று யாராவது உச்சவிலை கட்டி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். 150 ரூபாய்க்கு வரும் லீடுக்கு 40 ரூபாய் என்று கட்டினால் செலவே ஆகாது. கணக்கு புத்தம் புதிது என்றால், ஒருநாளில் செலவழிக்கக்கூடிய தொகைக்கு மெட்டாவே ஒரு சிறிய வரம்பு வைத்திருக்கும். சில வாரம் ஒழுங்காகப் பணம் கட்டி வந்தால் அது தளரும்.

நம் பக்கத்து ஏஜென்சிகள் தவறாமல் செய்யும் பிழை ஒன்று உண்டு. விளம்பரம் தமிழில் இருக்கிறதே என்று, ஆடியன்ஸில், அதாவது யாருக்குக் காட்டுவது என்று சொல்லும் இடத்தில், மொழி ‘தமிழ்’ என்று தேர்ந்தெடுப்பது. நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உங்கள் வீட்டிலேயே எத்தனை பேர் போனையும் ஃபேஸ்புக்கையும் தமிழில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பேசுவது தமிழ், படிப்பது தமிழ், போன் மட்டும் ஆங்கிலத்தில். அந்தப் பெட்டியில் தமிழைத் தேர்ந்தெடுத்ததும் பவானியிலும் கோபியிலும் இருக்கும் தமிழர்களில் பெரும்பகுதியை நாமே வெளியே தள்ளிவிடுகிறோம். ஈரோட்டுக்குள் விளம்பரம் போட்டால் மொழிப் பெட்டியைக் காலியாக விடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழர்களைத் தேடும்போதுதான் அதற்கு வேலை.

செலவு ஆகிறது, ஆனால் விலை தாறுமாறாக இருக்கிறது, ‘லேர்னிங் லிமிடெட்’ என்று வேறு வருகிறது என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஆட் செட் (ஒரே ஆடியன்ஸுக்குப் போகும் விளம்பரத் தொகுப்பு) நிலைபெற, வாரத்துக்குச் சுமார் 50 முடிவுகள் வேண்டும் என்பது மெட்டா சொல்லும் அளவு. லீடு ஒன்று 150 ரூபாய் என்றால் 50 லீடுக்கு 7,500 ரூபாய், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 1,070. கிளையன்ட் தருவதோ நாளுக்கு 500. அதில் வாரத்துக்கு 23 லீடு வந்தாலே அதிகம். அந்த 500-ஐயும் ‘ஆண்கள்’, ‘பெண்கள்’, ‘ஈரோடு’, ‘பெருந்துறை’ என்று நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஆறு லீடு. எதுவும் எதையும் கற்றுக்கொள்ளாது. ஒன்றாகச் சேருங்கள். சேர்த்தபின் ஒரு வாரம் தொடாதீர்கள். ஆடியன்ஸ், படம், பட்ஜெட்டைப் பெரிதாக மாற்றினால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும்.

இதற்கு நேர் எதிரான புகாரும் வரும்: “நாளுக்கு ஆயிரம்னுதானே சொன்னேன், நேத்து 1,400 போயிருக்கே?” நாள் பட்ஜெட் என்பது சராசரிதான். வாய்ப்பு அதிகமாகத் தெரியும் நாளில் கூடுதலாகச் செலவழித்து, வேறு நாளில் குறைத்துக்கொள்வார்கள். ஒரு வாரக் கணக்கில் ஏழு நாள் பட்ஜெட்டைத் தாண்டாது. இதைக் கிளையன்ட்டிடம் முதல் மாதமே சொல்லிவிட்டால் ஒரு போன் மிச்சம்.

“ரிஜெக்ட் பண்ணிட்டாங்களாம்”

பெரும்பாலான விளம்பரங்களின் ரிவியூ 24 மணி நேரத்துக்குள் முடியும். அதற்குள் பதறி, அதே விளம்பரத்தை ஐந்து முறை டூப்ளிகேட் செய்து அனுப்பினால் ஐந்து ரிஜெக்ட் சேரும். கணக்கின் பெயர் கெடும்.

சித்த வைத்தியர் ஒருவருக்காக நாங்கள் போட்ட முதல் வாசகம் இது: “உங்களுக்குச் சர்க்கரை நோயா? 90 நாளில் முழு குணம்!” பேனரில் படிக்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வரி, இரண்டு குற்றம். படிப்பவருக்கு இன்ன நோய் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்ததுபோல் பேசுவது மெட்டாவின் தனிப்பட்ட தன்மைகள் பற்றிய விதிக்கு எதிர். ‘உங்களுக்கு’ என்ற சொல்லும் கேள்விக்குறியும் சேர்ந்தாலே சந்தேகம்தான். இரண்டாவது வரி மெட்டாவோடு நிற்காது. சர்க்கரை நோய் உட்பட ஒரு பட்டியல் நோய்களை மருந்தால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. ரிவியூவில் தப்பித்தாலும் வைத்தியர் மாட்டிக்கொள்வார். “சர்க்கரை நோய்க்கான உணவு ஆலோசனை, ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, முன்பதிவு அவசியம்” என்று மாற்றினோம். ஓடியது. வைத்தியருக்குத்தான் உப்புச்சப்பில்லாமல் பட்டது.

எடை குறைப்பு என்றால் ‘முன், பின்’ படங்கள் வேண்டாம். முதலீட்டு ஆலோசனை, பங்குச் சந்தை வகுப்பு என்று யாராவது வந்தால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொட்டேஷனே கொடுங்கள்.

எதிர்பாராத இடத்தில் மாட்டுவது அரசியல். கல்யாண மண்டபத்துக்காரர் ஒருவர் தன் கட்சித் தலைவருக்குப் போட்ட பிறந்தநாள் வாழ்த்தை பூஸ்ட் செய்ய, அதாவது பணம் கட்டிப் பலருக்குக் காட்டச் சொன்னார். அவருக்கு அது வாழ்த்து. மெட்டாவுக்கு அது அரசியல் பிரமுகரைப் பற்றிய விளம்பரம். அடையாளச் சான்று கொடுத்து அங்கீகாரம் வாங்கி, யார் பணம் கொடுத்தது என்ற வரியும் சேர்த்தால்தான் ஓடும். மண்டப விளம்பரம் ஓடும் கணக்கில் இதைக் கலக்கவே கலக்காதீர்கள்.

படத்தில் எழுத்து 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ரிஜெக்ட் என்று இன்னும் சிலர் அளவுகோல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த விதி 2020-லேயே போய்விட்டது.

“லீடு ஒண்ணும் வரலீங்க” / “வர்ற லீடெல்லாம் வேஸ்ட்டுங்க”

இரண்டும் வேறு வேறு நோய். முதலாவதில், ஆட்ஸ் மேனேஜர் (விளம்பரங்களை நடத்தும் மெட்டா பக்கம்) லீடு வந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டுகிறது, கிளையன்ட் கைக்கு வரவில்லை என்றால் அது அனுமதிப் பிரச்சினை. பேஜுக்கு ஆள் சேர்த்திருப்போம், லீடைப் பார்க்கும் அனுமதி கொடுத்திருக்க மாட்டோம். ஒரு டியூஷன் சென்டரில் 64 லீடு பதினோரு நாள் அப்படியே கிடந்தது. தப்பு எங்களுடையது. வரவேற்பில் இருந்த அக்காவுக்கு லீடு அனுமதி கொடுக்க மறந்து, “வாட்ஸ்அப்ல வரும்க்கா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அவரும் தினமும் வாட்ஸ்அப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் விளம்பரம் ஆரம்பிக்கும் முன் லீடு சோதனைக் கருவியில் ஒரு பொய் லீடு போட்டு, கிளையன்ட் போனில் மணி அடித்த பிறகுதான் எழுந்திருக்கிறோம். படிவத்தில் வந்த லீடுகளை 90 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாவது, வேஸ்ட் லீடு. “நான் எதுவும் ஃபில் பண்ணலையே” என்பார்கள். பொய் சொல்லவில்லை. பெயரும் எண்ணும் தானே நிரம்பி வரும் படிவத்தில் இரண்டு தட்டு தட்டினால் லீடு. படிவத்தின் வகையை ‘எண்ணிக்கை’ என்பதிலிருந்து ‘ஆர்வம்’ என்பதற்கு மாற்றினால், அனுப்பும் முன் ஒருமுறை சரிபார்க்கும் திரை வரும். அதோடு கையால் எழுதிப் பதில் சொல்லவேண்டிய ஒரு கேள்வி சேருங்கள். “பையன் எந்த வகுப்பு, எந்தப் பள்ளி?” போதும். லீடு குறையும், விலை கூடும், கிளையன்ட் முதலில் முகம் சுளிப்பார். இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு மட்டும் என்று போட்ட விளம்பரத்துக்குக் கல்லூரிப் பையன்கள் வந்தால், அட்வான்டேஜ் பிளஸ் ஆடியன்ஸ் ஆன் ஆகியிருக்கும். அதில் ஊர் போன்ற சில மட்டுமே கட்டளை. மற்றவை யோசனை. “பெண்கள், 25 முதல் 40” என்று நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, தனக்குத் தோன்றியவர்களிடமும் காட்டும். பழைய முறைக்கு மாற்றினால் கட்டுப்படும். ஊரிலும் ஒரு ஓட்டை: ஈரோடு என்று போட்டால் ஈரோட்டில் வசிப்பவர்களோடு சமீபத்தில் வந்துபோனவர்களும் சேர்த்தி. மொத்த ஜவுளி வாங்க வந்துவிட்டுப் போன வெளியூர் வியாபாரிக்கும் நம் பல் மருத்துவமனை விளம்பரம் போகும். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் படத்திலேயே எழுதிவிடுவதுதான் இதற்கு நாங்கள் கண்ட மருந்து.

“நீங்க 41 ஆர்டர்ங்கறீங்க, எனக்கு 23தான் வந்திருக்கு”

ஆன்லைன் கடை வைத்திருப்பவரிடம் நம் நாணயம் போவது இங்கேதான். அதனால் நின்று பார்க்க வேண்டும்.

மெட்டா எண் கடை எண்ணைவிட ஏறத்தாழ இரட்டிப்பாக இருந்தால், ஒரே ஆர்டரை இரண்டு முறை எண்ணுகிறது. இணையதளத்தில் ஆர்டர்களைக் கவனித்து மெட்டாவுக்குச் சொல்லும் பிக்சல் என்ற சிறு நிரல் ஒருபுறம், சர்வரிலிருந்து அனுப்பும் கன்வெர்ஷன்ஸ் ஏபிஐ மறுபுறம். இரண்டும் ஒரே ஆர்டரைச் சொல்கின்றன என்று மெட்டாவுக்குத் தெரிய, நிகழ்வின் பெயரும் அடையாள எண்ணும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆர்டர். இந்த நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட்ஸ் மேனேஜரில் சோதனைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்கள் போனிலிருந்தே ஒரு ஆர்டர் போடுங்கள். எங்களுடைய வழக்கம், இருப்பதிலேயே மலிவான ஒரு கர்சீப். பிரவுசரிலிருந்து ஒன்று, சர்வரிலிருந்து ஒன்று வந்து, அவற்றில் ஒன்று நீக்கப்பட்டதாகக் காட்டினால் சரி. இரண்டும் உயிரோடு நின்றால் அடையாள எண்ணைச் சரிசெய்யச் சொல்லி டெவலப்பரைக் கூப்பிடுங்கள். கூடவே, ‘நன்றி’ பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்து பாருங்கள். ஒவ்வொரு ரீஃப்ரெஷுக்கும் ஒரு ஆர்டர் ஏறினால் அதுவும் ஒரு ஓட்டை.

இரட்டிப்பு இல்லை, கொஞ்சம்தான் அதிகம் என்றால் எண்ணும் முறை. கிளிக் செய்து ஏழு நாளுக்குள் வாங்கினாலும், வெறுமனே பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கினாலும் மெட்டா தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கடையின் மென்பொருள் கடைசியாக எந்த வழியில் வந்தார் என்பதை மட்டும் பார்க்கும். ஆட்ஸ் மேனேஜரில் ஒரு நாள் கிளிக் என்பதைத் தனி நெடுவரிசையாகப் போட்டு ஒப்பிட்டுக் காட்டுங்கள், கிளையன்ட்டுக்குப் புரியும். கேஷ் ஆன் டெலிவரியில் திரும்பி வந்த பார்சல்களும் மெட்டாவைப் பொறுத்தவரை விற்பனைதான், மறந்துவிடாதீர்கள்.

மெட்டா எண் குறைவாக இருந்தால்? ஐபோன்காரர்கள் அதிகமுள்ள கடையா என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5, ஆப்கள் பின்தொடரலாமா என்று பயனரிடமே கேட்க வைத்தது. அன்றிலிருந்து ஒரு பங்கு ஆர்டர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எண்கள் விசித்திரமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. கணக்கைத் திறந்தது கடைக்காரரின் அக்கா மகன். நேர மண்டலம் என்று கேட்ட இடத்தில், வந்ததை அப்படியே விட்டுவிட்டான்: லாஸ் ஏஞ்சலிஸ். அங்கே நள்ளிரவு என்றால் நமக்குப் பகல் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அதாவது கணக்கின் ‘இன்று’ நம் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கும். காலை பத்து மணிக்கு நான் அனுப்பிய அறிக்கையில் ‘இன்று’ என்பது பாதிக்கு மேல் நேற்று. கடைக்காரர் தன் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டுவிட்டு, என்னைப் பொய்யன் என்று நினைக்க ஆரம்பித்திருந்தார். நேர மண்டலத்தையும் நாணயத்தையும் மாற்றினால் பழைய கணக்கு மூடப்பட்டுப் புதுக் கணக்குதான் பிறக்கும். பேஜும் பிக்சலும் அப்படியே இருக்கும், செலவு வரலாறு மட்டும் கூட வராது. எனவே புதுக் கிளையன்ட் வந்தால் முதல் பத்து நிமிடத்திலேயே இந்த இரண்டையும் பாருங்கள். கொல்கத்தா, ரூபாய்.

“59,000 போயிருக்கே, 50,000தானே பேச்சு?”

50,000-க்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 9,000. பட்ஜெட் பேசும்போதே வரியோடு சேர்த்துப் பேசுங்கள். கிளையன்ட்டின் ஜிஎஸ்டி எண்ணையும் சட்டப்படியான பெயரையும் பில்லிங்கில் முதல் ரூபாய் செலவாகும் முன் ஏற்றிவிடுங்கள். பழைய இன்வாய்ஸ்களில் அது தானாக ஏறாது, ஆடிட்டர் போன் செய்வார். நம் கார்டில் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்ற தாராளம் சின்ன ஏஜென்சிக்கு ஆகாது. பணமும் முடங்கும், வரிக் கழிவும் சிக்கலாகும்.

பில்லில் தெரியாத செலவு 600, 800 என்று இருந்தால் ஓனரின் இன்ஸ்டாகிராமைப் பாருங்கள். “நான் ஒண்ணும் பண்ணலீங்க தம்பி, அந்த நீல பட்டனைத்தான் சும்மா அமுக்குனேன்.” பூஸ்ட்.

“பேஜ் பழைய ஆளுங்ககிட்ட மாட்டிக்கிச்சு”

ஒரு பேஜை ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ (பேஜ், விளம்பரக் கணக்கு, பிக்சல் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் மெட்டா கணக்கு) மட்டுமே சொந்தமாக வைத்திருக்க முடியும். பழைய ஏஜென்சியின் போர்ட்ஃபோலியோவில் அது இருந்தால், அவர்கள் விடுவித்தால்தான் வரும். பேஜ் வந்துவிடும், நிதானமாகப் பேசினால் பெரும்பாலும் தந்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் போர்ட்ஃபோலியோவில் திறந்த விளம்பரக் கணக்கு வராது. அது பிறந்த வீட்டிலேயே இருக்கும். கிளையன்ட் பெயரில் போர்ட்ஃபோலியோ திறந்து, அதில் புது விளம்பரக் கணக்கும் புது பிக்சலும் வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. பழைய பிக்சலைக் கொஞ்ச காலம் பகிர்ந்து தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்த ஏஜென்சி நம்மைப் பற்றி இதையே சொல்லக்கூடாது என்றால், எல்லாமே கிளையன்ட் போர்ட்ஃபோலியோவில் இருக்கட்டும். நாம் நம்முடைய பிசினஸ் எண்ணைக் கொடுத்து பார்ட்னராக உள்ளே போவோம். கிளையன்ட் பக்கம் முழுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் இரண்டு பேராவது வேண்டும்.

இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ‘ஆபீஸ் ஐடி’. ஆரம்ப காலத்தில் மூன்று பேரும் பயன்படுத்த வசதியாக, இல்லாத ஒரு ஆளின் பெயரில் ஒரு ஃபேஸ்புக் ப்ரொஃபைல் திறந்தோம். சிரித்த முகமாக ஒரு படமும் வைத்தோம். கிளையன்ட்களின் போர்ட்ஃபோலியோவை எல்லாம் அந்த ஐடியிலேயே திறந்தோம். ஒருநாள் அது பூட்டிக்கொண்டு அடையாள அட்டை கேட்டது. இல்லாத ஆளுக்கு எந்த ஆதாரைக் காட்டுவது? மூன்று கிளையன்ட்களின் போர்ட்ஃபோலியோவில் அந்த ஐடியைத் தவிர யாருமே இல்லை. ஒவ்வொருவர் கடைக்கும் நேரில் போய் உட்கார்ந்து, முதலிலிருந்து திறந்தோம். அந்த மாதம் சம்பளம் இல்லை.

“அக்கவுண்ட்டே முடக்கிட்டாங்க”

எது முடங்கியது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்: ஆளா, பேஜா, விளம்பரக் கணக்கா, போர்ட்ஃபோலியோவா? பிசினஸ் சப்போர்ட் பக்கத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஆள் மட்டும் முடங்கியிருந்தால் இன்னொருவர் வேலையைத் தொடரலாம். அதற்குத்தான் இரண்டு பேர். மறுபரிசீலனை ஒருமுறை கேளுங்கள், பொறுங்கள். பொறுக்காமல் புதுக் கணக்கு திறந்து அதே விளம்பரத்தை ஓட்டினால், விதியை ஏய்ப்பதாக எடுத்துக்கொண்டு அதையும் முடக்குவார்கள்.

நிறுவனச் சரிபார்ப்பு திரும்பித் திரும்பி நிராகரிக்கப்பட்டால் ஜிஎஸ்டி சான்றிதழை எடுத்துப் பாருங்கள். கடைப் பெயர் ஒன்றாக இருக்கும், சட்டப் பெயர் அப்பாவின் பெயராக இருக்கும். சான்றிதழில் இனிஷியல் எங்கே இருக்கிறதோ, புள்ளி எங்கே இருக்கிறதோ, அப்படியே போர்ட்ஃபோலியோவிலும் எழுதுங்கள்.

“ராத்திரி ஏதோ தெரியாத விளம்பரம் ஓடியிருக்கு”

இது மட்டும் நிமிடக் கணக்கு. மற்ற எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்கச் சொன்னேன், இதில் ஓடுங்கள்.

முதலில் வங்கி ஆப்பில் கார்டைப் பூட்டச் சொல்லுங்கள். கிளையன்ட் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்புங்கள். அடுத்து போர்ட்ஃபோலியோவில் ஆட்கள் பட்டியல், பார்ட்னர் பட்டியல் இரண்டிலும் தெரியாத பெயரை நீக்குங்கள். பார்ட்னர் பட்டியலைப் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். பிறகு ஓடும் விளம்பரங்களை நிறுத்துங்கள். கடவுச்சொல்லை மாற்றுவது அதற்கப்புறம், அதுவும் வேறொரு சுத்தமான கணினியிலிருந்து. ஏனென்றால் திருடன் கடவுச்சொல்லை எடுத்திருக்கவே மாட்டான். வித்செக்யூர் நிறுவனம் 2022-ல் வெளியில் கொண்டுவந்த டக்டெயில் என்ற மென்பொருள், பிரவுசரில் இருக்கும் குக்கீயையே திருடி, நாம் ஏற்கெனவே லாகின் செய்த அமர்வோடு உள்ளே போய், தன் மின்னஞ்சலை போர்ட்ஃபோலியோவில் சேர்த்துக்கொள்ளும். அது குறிவைத்ததே நம்மைப் போல விளம்பரக் கணக்கு பார்ப்பவர்களைத்தான். ‘புது பிராண்டின் படங்கள்’ என்று ஒரு ஜிப் கோப்பு வரும், திறந்தால் முடிந்தது. எங்கள் அலுவலகத்தில் கிளையன்ட் அனுப்பும் ஜிப்பை விளம்பரம் பார்க்கும் கணினியில் திறப்பதில்லை. அதற்கென்று ஒரு பழைய லேப்டாப் ஓரமாகக் கிடக்கிறது.

“உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும்” என்று மெசஞ்சரில் வரும் செய்தியும் இதே கூட்டம்தான். உண்மையான எச்சரிக்கை பிசினஸ் சப்போர்ட் பக்கத்தில் இருக்கும். அங்கே இல்லை என்றால் அந்தச் செய்தி பொய்.

எல்லாம் அடங்கியதும் ஓடிய விளம்பரங்களின் ஸ்கிரீன்ஷாட், தேதி, நேரம், தொகை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து மெட்டா சப்போர்ட்டுக்கும் வங்கிக்கும் அனுப்புங்கள். கிளையன்ட்டை விட்டே 1930-க்கு போன் செய்யவைத்து சைபர் குற்றப் புகார் எண்ணை வாங்குங்கள். வங்கி அதைக் கேட்கும். “பணம் திரும்பி வருமா தம்பி?” என்று அவர் கேட்பார். வரும் என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதீர்கள். புகார் எண்ணை அவர் போனில் சேமித்துக் கொடுத்துவிட்டு, கணக்கின் செலவு உச்சவரம்பை அவர் கண் முன்னாலேயே குறைத்துப் போடுங்கள்.